காற்று பார்த்துச் சொன்ன வழி

அண்ணனின் விறைத்துப்போன கையைக் கோட்டுக்குள் நுழைக்க ஏசுராஜ் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அந்தத் தோளைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

ஞானசுந்தரி கணவனின் தோளைத் தூக்கிப் பிடித்தாள். ஒருவழியாகக் கை உள்ளே போனது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் தைத்த கல்யாணக் கோட்டு. தேவானந்தத்துக்கு நேற்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா, பொத்தான்கூடப் போட முடியுது. என் கல்யாணக் கோட்டுல இப்ப என் ஒரு கைதான் நுழையும். எல்லாம் ஓடின உடம்பு," என்று பெருமையாகச் சொன்ன ஏசுராஜ், சொன்ன வாயோடு அழுதான். தேவானந்தத்தின் தம்பி, ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் வேலை. பகல் பாசஞ்சரில் வந்து இறங்கியதிலிருந்து அவன் உட்காரவே இல்லை.

"ஏசுராஜு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பொட்டி நாலு மணிக்கெல்லாம் வந்துடும் அண்ணி. குழி வெட்டவும் ஆள் போய்ட்டாங்க."

"அது இல்ல. காலைல கவுஸ் பாயை நான்…"

"பாய் தங்கமான மனுஷன். அவர்கிட்டப் பேசிட்டேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் காலுறை தேடப் போய்விட்டான்.

அவனால் பார்த்துக்கொள்ள முடியாத ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் காலையிலிருந்து அல்லாடுகிறாள். யாரிடமாவது அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் மண்ணுக்குள் போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சாவு வீட்டில் ஆளாளுக்கு நாட்டாமை செய்ய வருகிறார்களே தவிர, காது கொடுக்க ஒருத்தருக்கும் நேரமில்லை.

தேவானந்தம் டேனரியில் சுண்ணாம்புக் குழிப் பக்கத்து மேஸ்திரி. பகல் முழுக்க ஊறுகிற தோலின் நாற்றத்தில் நிற்கிறவன் காலையில் ஒரு மணி நேரமாவது நல்ல காற்றை இழுக்க வேண்டாமா என்று முப்பத்தைந்தாவது வயதில் ஓட ஆரம்பித்தார். அப்புறம் விட்டபாடில்லை. மேஸ்திரியை நாய் துரத்துகிறதா என்று ஊர் கேட்டுச் சிரித்து, சிரித்துச் சலித்து, கடைசியில் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளப் பழகிவிட்டது.

அவருக்கு நாலு வழிகள் இருந்தன. பாலாற்றுக் கரை ரோட்டில் தென்னந்தோப்பு ஓரமாக ரயில் பாலம் வரைக்கும் ஒன்று. ஆற்றுக்குள் இறங்கி மணலோடு ஊற்றுத் துறை வரைக்கும் ஒன்று. மலையடிவாரத்துப் புளியமர ரோடு மூன்றாவது. நாணல் மண்டிய அணைக்கட்டுப் பாதை நாலாவது. எந்த நாள் எந்த வழி என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். கிழக்கேயிருந்து அடித்தால் டேனரி நாற்றமெல்லாம் கரை ரோட்டில்தான் வந்து நிற்கும். ராத்திரி சாப்பிட்டதும் கொல்லைக்குப் போய், கொடியில் கிடக்கும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறதென்று பார்ப்பார். உள்ளே வந்து, "நாளைக்குப் புளியமர ரோடு" என்பார், கலெக்டர் உத்தரவு போடுகிற தோரணையில்.

அப்படிச் சொல்லிவிட்டுப் போவது ஞானசுந்தரி போட்ட சட்டம். இரண்டு வருஷம் முன்பு ரயில் பாலத்துப் பக்கம் கால் பிசகி, நொண்டிக்கொண்டே பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வாசலில் நின்றிருந்தவள், "எங்க போறேன்னு சொல்லிட்டுப் போகத் தெரியாதா? விழுந்து கெடந்தா எங்கன்னு வந்து தேடறது?" என்று தெரு கேட்கக் கத்தினாள். அன்றிலிருந்து மனுஷன் ஒரு நாள் தவறவில்லை. வழியைச் சொல்வதோடு விடவும் மாட்டார். நாணலுக்குள் பார்த்த நீலக் குருவி, மலை உச்சியிலிருந்து வெயில் இறங்கி வருகிற அழகு எல்லாம் கூடவே வரும். "ஒரு நாள் நீயும் வாயேன். ஓட வேணாம், நடந்து வா" என்பார். அவள் கணக்கு டீச்சர். இட்லிப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு வெயில் இறங்குவதை வேடிக்கை பார்க்கப் போகிற பவிசு அவளுக்கு இல்லை.

நேற்று ராத்திரியும் சொன்னார். அவள் மாதத் தேர்வுப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் "ம்" என்றாள். அவர் ஏதோ ஒரு வழியைச் சொன்னார் என்பது நிச்சயம். எந்த வழி என்பது மட்டும் மனதில் ஏறவே இல்லை.

காலையில் ஆறரைக்கு வர வேண்டியவர் ஏழு வரைக்கும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கவுஸ் பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் டீச்சர்?" என்று கேட்டார். ஒரு நொடி திகைத்தாள். முந்தின நாள் கரை ரோடு. "கரை ரோடுதான் பாய்," என்று சொல்லிவிட்டாள். வகுப்பில் விடை சொல்கிற அதே குரல், துளி சந்தேகம் இல்லாத குரல். பாய் ரயில் பாலம் வரைக்கும் போய் முக்கால் மணி நேரம் தேடிவிட்டுத் திரும்பி வந்தார். எட்டேகாலுக்கு ஊற்றுத் துறையிலிருந்து ஒரு மணல் வண்டி வாசலில் வந்து நின்றது. எட்டரைக்கு வந்த டாக்டர், உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்.

கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஊற்றுத் துறைக்குச் சைக்கிளில் பத்து நிமிஷம். பாய் கிளம்பியது ஏழு மணி. உயிர் போனது ஏழரை. எத்தனை தரம் போட்டாலும் விடை மாறவில்லை.

இரண்டு மணிக்குப் போதகர் வந்தார். ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு வேண்டும், டீச்சர்தானே நன்றாக எழுதுவீர்கள் என்று ஒரு தாளை நீட்டினார். பிறந்த தேதி, ஞானஸ்நானம், திருமணம், வேலை என்று எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்தாள்.

"ஐயா, நேத்து ராத்திரி அவர் எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு…"

"கடைசி வார்த்தை இல்லையா. அது எப்பவும் மனசுல நிக்கும்மா."

"நிக்கலையே ஐயா. அதைத்தான் சொல்ல வர்றேன்."

"இந்த நேரத்துல அப்படித்தாம்மா, எல்லாம் குழம்பிப் போகும்," என்றார் போதகர், தலையை ஆட்டிக்கொண்டு. "'ஓட்டத்தை முடித்தேன்'னு ஒரு வசனம் இருக்கு பாருங்க, அவருக்குன்னே எழுதி வச்சாப்ல. அதையே இன்னிக்குப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கறேன்."

அந்த வசனத்தைக் காலையிலிருந்து சொல்கிற நாலாவது ஆள் அவர். ஞானசுந்தரிக்குப் பேனாவைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை. "தினமும் ஓடும் பழக்கம் உள்ளவர்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பினாள்.

மகள் கிரேஸி வேலூரில் நர்ஸ். மூன்று மணிக்கு யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தவள், அப்பாவின் நெஞ்சில் விழுந்து அழுது தீர்த்தாள். அழுகை அடங்கும்வரை காத்திருந்து, ஞானசுந்தரி அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"கிரேஸி, நான் ஆளை வேற வழில அனுப்பிட்டேன்டி. அவர் ஊத்துத் துறையில கெடந்தாரு. நான் கரை ரோட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அம்மா, நான் சொல்றதக் கேளு. இது பெரிய அட்டாக். விழும்போதே போயிருப்பாரு, ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது. யார் போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணிருக்க முடியாது."

"ஒரு மணி நேரம்னு டாக்டர் சொன்னாரே."

"அதெல்லாம் ஒரு தோராயம்மா. வார்டுல நான் தினம் பாக்கறேன். நீ மொதல்ல இதக் குடி," என்று காப்பியை ஆற்றிக் கொடுத்து, அம்மாவின் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். பெற்ற பெண் தன்னையும் ஒரு நோயாளி ஆக்கிவிட்டாளே என்று ஞானசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் விழும்போதே போயிருப்பார் என்கிற அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். படித்தவள் சொல்கிறாள். இருக்கலாம். அப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது.

நாலு மணிக்குப் பெட்டி வந்தது. உள்ளே ஆண்கள் கூடினார்கள், பாட்டுப் புத்தகங்கள் கை மாறின. அப்போது சகீனா, கவுஸ் பாயின் மனைவி, வந்து காதோரம் சொன்னாள்: "டீச்சர், வெளிய ஒரு பொம்பள ரொம்ப நேரமா உங்களப் பாக்கணும்னு நிக்கறா. உள்ள வான்னா வர மாட்டேங்கறா."

பந்தலின் கடைசிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும். புடவை முழங்கால் வரை மணல் ஈரம். பேர் எல்லம்மா என்றாள். ஆற்றில் ஊற்றுத் தோண்டி டீக்கடைகளுக்குத் தண்ணீர் சுமக்கிறவள். காலையில் மணல் வண்டிக்காரனைக் கூப்பிட்டுத் தேவானந்தத்தை ஏற்றி அனுப்பியது அவள்தான்.

"உக்காரு," என்று சொல்லி ஞானசுந்தரியும் ஜனம் உட்காரக் கொட்டியிருந்த மணலில் உட்கார்ந்தாள். எல்லம்மா குந்தினாள்.

"டீச்சரம்மா, எனக்கு மனசே சரியில்ல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். மேஸ்திரி சாரு ஆறு மணிக்கெல்லாம் ஊத்தாண்ட வந்துட்டாரு. மார இன்னாவோ புடிக்குது, கொஞ்சம் குந்தறேன்னாரு. தண்ணி குடுத்தேன். குடிச்சாரு."

"குடிச்சாரா?"

"குடிச்சாரும்மா. நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு. நான் போய் யாரையாச்சும் இட்டாரட்டான்னு கேட்டேன். வேணாம், வீட்ல எந்த வழின்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன், டீச்சர் ஆள் அனுப்பிடுவாங்க, நீ வேலயப் பாருன்னாரு. இன்னொரு தபா கேட்டதுக்கும் அதான் சொன்னாரு. கரையையே பாத்துக்கினு இருந்தாரு. சரி, வந்துடுவாங்கன்னு நானும் கொடத்த ரொப்பிக்கினு இருந்துட்டேன். ஏழரை சங்கு ஊதச் சொல்லோ திரும்பிப் பாத்தா, சாஞ்சிட்டாரு." எல்லம்மா மூக்கைச் சிந்தினாள். "அவரு பேச்சக் கேக்காம நான் ஓடியிருக்கணும்மா. என் மேலதான் தப்பு."

ஒன்றரை மணி நேரம். கிரேஸி கொடுத்த வார்த்தை கையிலிருந்து நழுவியது. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் பெண்ணை இப்படியே தலையாட்டி அனுப்பிவிட்டால் போதும். தப்பு அவளோடு ஆற்றுக்குப் போய்விடும், ஊரில் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் ஞானசுந்தரி தன்னையே அருவருத்துப் போனாள்.

"உன் மேல தப்பு இல்ல எல்லம்மா," என்றாள். "அவர் சொன்னது நெஜம். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தாரு. நான்தான் காதுல வாங்கல. பேப்பர் திருத்திட்டு இருந்தேன். காலைல ஆளை வேற வழிக்கு அனுப்பிட்டேன்."

எல்லம்மா அவளையே பார்த்தாள். கர்த்தர் சித்தம் என்று சொல்லவில்லை. விதி என்றும் சொல்லவில்லை. "ஐயோ," என்றாள், மெதுவாக. காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட வார்த்தைகளில் அது ஒன்றுதான் ஞானசுந்தரிக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் அழுதாள். எல்லம்மா தடுக்கவில்லை.

பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, போதகர் அந்த வசனத்தைப் பிரசங்கித்தும் முடித்தார். கிரேஸி இரண்டு தரம் வந்து கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்த ஞானசுந்தரி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த எடத்துக்கு எப்படிப் போகணும்? நான் போனதே இல்ல."

எல்லம்மா மணலில் விரலால் கோடு இழுத்தாள். "இது கரை ரோடு. இதோ, இங்க பம்பு செட்டு. பம்பு செட்டத் தாண்டினா ஒரு சரிவு. அதுல எறங்கினீங்கன்னா மணலு. மணலோட நேரா போங்க, ஒத்தப் பனைமரம் ஒண்ணு வரும்…"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் வெளியே வந்தார்கள். முன்னால் தோள் கொடுத்து வந்த ஏசுராஜ், மணலில் இழுத்த கோட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றான்.

"அண்ணி, எழுந்திருங்க. வழில உக்காந்திருக்கீங்க."

"அந்தப் பக்கமா சுத்திப் போ, ஏசுராஜு," என்றாள் ஞானசுந்தரி. பிறகு மணலைப் பார்த்துக் குனிந்தாள். "பனைமரம் வரைக்கும் வந்துட்டேன். அப்புறம்?"