கணக்கில் மட்டும் ஒட்டிய தோல்

அண்ணனின் குதிகாலில் சர்க்கரை நோயால் வந்த புண் ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. இன்னும் இரண்டு முறை தோல் ஒட்டினால் மூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். காப்பீட்டு நிறுவனமோ கையை விரித்துவிட்டது. ஒரு புண்ணுக்குப் பத்து முறைதான் அனுமதி, பத்தும் தீர்ந்துவிட்டது என்றது.

அந்தப் பதில் தங்கையின் மேஜையில்தான் வந்து விழுந்தது. அண்ணன் வைத்தியம் பார்க்கும் அதே மருத்துவமனையின் மாடியில், பில்லிங் பிரிவில், அவள் கோடிங் பார்ப்பவள். டாக்டர் எழுதும் சிகிச்சைக் குறிப்பைப் படித்து, எந்த வகைத் தோல், எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று பார்த்து, அதற்குரிய எண்ணைப் போட்டுக் காப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அண்ணனுடையதையும் அவள்தான் அனுப்பியிருந்தாள்.

சாயங்காலம் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"பத்தா? மூணு தடவைதாம்மா ஒட்டினாங்க. மாட்டுலேர்ந்து எடுத்துச் செஞ்சதுன்னு நர்ஸ் சொன்னாங்க. அப்போ இனிமே முட்டுவேன், தள்ளி நில்லுங்கன்னேன். மத்த நாளெல்லாம் கழுவி, மருந்து வச்சு, கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க."

அண்ணி சிரிக்கவில்லை. "அவர் கீழ படுத்திருந்தப்ப நீ மேலதானே உக்காந்திருந்த? ஒரு நாள் இறங்கி வந்து பாத்தியா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலை மேலாளரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். குறிப்பில் ஒட்டியதாக எழுதியிருந்தால் ஒட்டியதுதான், காலைப் பார்ப்பது நம் வேலை இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அண்ணன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பாத்துச் செஞ்சிருக்கலாமே."

அதில்தான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அப்படியென்றால் மாடியில் தங்கை இல்லாதவர்கள்? ஆள் மாறினாலும் ஒரு வரிகூட மாறாமல் வந்துகொண்டிருந்த குறிப்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவள் படியிறங்கினாள்.

கீழே காத்திருப்புக் கூடத்தில் கட்டுப் போட்ட கால்களோடு பலர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். "உங்களுக்கு எத்தனை தடவை தோல் ஒட்டினாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். இங்கேர்ந்து எத்தனைன்னு எழுதிப் போயிருக்குன்னு காப்பீட்டுக்காரங்களுக்கு இப்பவே போன் போட்டுக் கேளுங்க."

முதலில் யாரும் அசையவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணிதான் கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். டாக்டர் கையுறையோடு வெளியே வந்து, இங்கே என்ன சத்தம் என்று கேட்டார்.

"ஒட்டாத தோலை எங்க அண்ணன் கால்ல ஒட்டினதா எழுதியிருக்கீங்க. இப்ப ஒட்டவேண்டிய நேரத்துல முடிஞ்சுபோச்சுங்கறாங்க. அவர் கால்ல கை வச்சுச் சொல்லுங்க, பத்துன்னு."

டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதியத்துக்குள் அவளுக்கு வேலை போய்விட்டது. அதற்குள் கூடத்தில் இருந்த பாதிப் பேர் போனில் பேசி முடித்திருந்தார்கள்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். கீழே இருந்த புண் சிகிச்சைப் பிரிவை இழுத்து மூடினார்கள். டாக்டர் இனி வைத்தியம் பார்க்கக் கூடாது என்று தடை வந்தது. அண்ணனின் பெயரில் போயிருந்த பொய்களை நீக்கி, மறுபடி அனுமதி கொடுக்கக் காப்பீட்டு நிறுவனம் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. அனுமதி வந்தபோது எலும்புவரை சீழ் பிடித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அறுவை முடிந்த அன்று அண்ணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சமாதானமாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. "அந்த ஆளுங்க மேல கேஸ் போடணும். என்னென்ன எழுதணும்னு நீ சொல்லு" என்றாள்.

"சொல்றேன் அண்ணி" என்றாள் அவள். பற்களைக் கடித்திருந்ததில் தாடை வலித்தது.