பனி தட்ட ஒரு ஆள்

பெட்டியின் மேல் பூவை வைக்கக் குனிந்தபோது சுசீலாதேவியின் கைப்பைக்குள் போன் அடித்தது. அது அவளுடைய போன் இல்லை. பெட்டிக்குள் கிடந்த புருசன் தவராஜாவுடையது. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ சவமண்டபத்தில் அவர்களுக்குக் கிடைத்திருந்தது நாற்பத்தைந்து நிமிடம். தேவாரத்துக்கு இருபது போக, மிச்ச நேரத்துக்கு எல்லாருடைய கண்ணும் அந்தப் பையிலேயே நின்றது.

திரையில் “எச். மலை” என்றிருந்தது. அவள் அணைப்பதற்குள் மேரிசெலின் வாசித்துவிட்டாள். ஆறு வீடு தள்ளி இருப்பவள். வேதக்காரி என்றாலும் இந்த ஊரில் ஒரு சைவச் செத்தவீட்டையும் அவள் தவறவிட்டதில்லை.

இப்படி ஒரு ஆள் இருப்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். இரும்பு வேலைத்தலத்தில் சோலார் பனல்களுக்குத் தாங்கி செய்த தவராஜா, ஓய்வு எடுத்த இரண்டு வருடமாக, தினமும் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ கதைத்தார். மனைவியோடு நாளுக்குப் பத்துச் சொல் கதைக்காதவர் அங்கே சிரித்ததைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்காகவே நாயை அந்தப் பக்கம் நடத்திப் போனவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு பெண் என்று மேரிசெலினின் குசினியில் எப்போதோ முடிவாகியிருந்தது. டென்மார்க்கில் மலையே இல்லாதபடியால் மலை அவளுடைய பெயராகத்தான் இருக்க வேண்டும்.

பெட்டியை ஏற்றிய கறுப்புக் கார், இந்த நாட்டு வழக்கப்படி, தனியாகச் சுடலைக்குப் புறப்பட்டது. மகன் நிரோஜன் கும்பிடுவதா கையசைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்தான்.

வீட்டில் எட்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை. மேரிசெலின் மரக்கறி ரோல்ஸ் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

“ஆரடி அது, மலை?”

“தெரியாதக்கா.”

“ஒரே வீட்டிலை இருந்துகொண்டு தெரியாதோ?”

“ஓம். ஒரே வீட்டிலைதான் இருந்தனாங்கள்.”

மேரிசெலின் அதற்கு மேல் கேட்கவில்லை. அது அவளுக்கே புதுப் பழக்கம். காரணம் எல்லாருக்கும் தெரியும். சுசீலாதேவி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். முப்பது பேருக்குக் கண்ணை மூடிவிட்ட கை. போன செவ்வாய்க்கிழமை காலை சோபாவில் கிடந்த புருசனை நித்திரை என்று நினைத்து, போர்வையை இழுத்துவிட்டு, வேலைக்குப் போய்விட்டாள்.

போன் மறுபடியும் அடித்தது. அவள் எழுந்து கராஜுக்குப் போனாள். பின்னால் குசினி திடீரென்று அமைதியானது.

“தவா?” கிழவனின் குரல். நோர்வேக்காரர். டெனிஷுக்குக் கிட்டத்தட்ட இருக்கும் தன் மொழியில், அவளுக்கு விளங்குவதற்காக மெதுவாகக் கதைத்தார். பெயர் ஹல்வோர்; அதுதான் அந்த எச்.

அவள் டெனிஷில் விசயத்தைச் சொன்னாள். அவர் தவாவின் பெயரை இன்னொரு தரம் சொன்னார்.

பிறகு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னார். மலையில், கரண்ட் கம்பி வராத இடத்தில் வீடு. இருக்கிறது சோலார் பனல்தான். அதற்குப் புதிய தாங்கி வாங்க வேண்டும். லொறி ஏறும் பாதையைப் பனிக்காக அடுத்த கிழமை மூடிவிடுவார்கள். நாலு மணிக்குள் ஓடர் கொடுக்காவிட்டால் இனி வசந்தத்தில்தான். இரண்டு தாங்கியில் எது என்று தவா இன்றைக்குச் சொல்வதாக இருந்தது.

“கொஞ்ச நேரத்தில் எடுக்கிறேன்,” என்றாள்.

மேசையில் ஒரு சின்னப் பனல் சாய்ந்து நின்றது. அதன் ஓரத்தில் இன்னும் மா ஒட்டியிருந்தது. போன மாரிக் குளிரில் இங்கே பனி கொட்டாததால் மனிதர் அவளுடைய இடியப்ப மாவை அரித்துக் கொட்டி, எந்தச் சரிவில் வழுக்குகிறது என்று பார்த்தார். அன்றைக்கு அவள் ஏசியதுதான் அவர்கள் கடைசியாக நீளமாகக் கதைத்தது.

பக்கத்தில் அவர் குறிப்பெழுதும் கொப்பி. அதில் இரண்டு தாங்கியின் படம். நிரோஜன் வந்து தோளுக்கு மேலால் பார்த்தான்.

“A எல்லாப் பக்கமும் திரும்பி சூரியனுக்குப் பின்னாலேயே போகும்,” என்றான் டெனிஷில். “முப்பது வீதம் கூடக் கரண்ட். B ஒரு பக்கம்தான் திரும்பும். பனி கொட்டினால் நிமிர்ந்து செங்குத்தாக நின்று பனியை விழுத்திவிடும். அந்த நேரம் கரண்ட் குறைவு. இதிலென்ன யோசனை, A தான்.”

“A-க்கு மேலை பனி நிண்டால்?”

“போய்த் தட்ட வேணும்.”

படத்துக்குக் கீழே தவராஜாவின் எழுத்து: பதினொரு மணிவரை மலை சூரியனை மறைக்குது. காலமை திரும்பி என்னத்தைப் பாக்கிறது? அதற்கும் கீழே, இரண்டு தரம் கோடிழுத்து: ஆர் தட்டுறது?

பதில் எழுதியிருக்கவில்லை. பனியின் ஆழம் இருந்தது. காற்றின் வேகம், மாதம் மாதமாக வெயிலின் சரிவு எல்லாம் இருந்தது. இரண்டு வருடம் தினமும் கதைத்த இரண்டு ஆம்பிளைகள் அந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றே கால் ஆனது. அவள் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து எண்ணை அழுத்தினாள். காலையில் இல்லத்துக் கதவுகளைத் திறக்கும்போது வருகிற குரல் தானாக வந்தது.

“வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?”

“ஒருவருமில்லை. மனைவி போய் ஆறு வருடம்.”

“முழங்கால் எப்படி?”

“இடது கால் கொஞ்சம்.”

“கடைசியாக எப்போது விழுந்தீர்கள்?”

“மார்ச்சில். பனல் தட்டப் போய். இரண்டு மணித்தியாலம் கிடந்தேன்.”

“தவாவிடம் சொன்னீர்களா?”

“அவர் கேட்கவில்லையே.”

அவள் கொப்பியை மூடினாள். “B-யை எடுங்கள். நிமிர்ந்து நிற்பதை.”

“அது தவாவின் முடிவா?”

“ஓம்,” என்று அவளையறியாமல் தமிழில் வந்தது. பிறகு டெனிஷில், “அவருடைய முடிவுதான்” என்றாள்.

நன்றி சொன்ன பிறகும் அவர் போனை வைக்கவில்லை. “உங்களோடு வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

கராஜ் வாசலில் நிரோஜன் தமிழ் மன்றத்தின் மடக்குக் கதிரைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு அவனும் கோபன்ஹேகன் ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒரு கதிரை குறைந்தது. அவன் அவளைப் பார்த்தபடி காத்து நின்றான்.

“நிறையப் பேர்,” என்றாள் சுசீலாதேவி. எழுந்து, தான் இருந்த கதிரையை மடக்கி மகனிடம் கொடுத்தாள்.