உள்ளே வந்ததற்கு முப்பத்தொன்பது சாட்சி

அணு உலையிலிருந்து என்னை இருபத்திரண்டு வருடமாக வெளியே விடவில்லை. நான் உள்ளே வந்ததற்கு ஆதாரம் இல்லை. உள்ளே வராதவனை வெளியே விட விதி இல்லை.

என் மனைவி பிரகாசி தினமும் மத்தியானம் தூக்குவாளியில் மீன்குழம்போடு வாசலுக்கு வருகிறாள். "சூசை மிக்கேல்னு யாரும் இங்க இல்லம்மா" என்று காவல்காரர் அனுப்பிவிடுகிறார். கம்பிக்கு இந்தப் பக்கம்தான் நான் நிற்கிறேன். குழம்பு வாசனை உள்ளே வரும். அதற்கு அனுமதி உண்டு.

கதிர்வீச்சு அளக்கும் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அட்டையில் கதிர் அளவு நிறைந்தால் வேலை போய்விடும் என்றார் மேஸ்திரி. எல்லோரையும் போல நானும் அட்டையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். இன்றுவரை குழாய் துடைக்கிறேன்.

அந்த அட்டை இப்போது அதிகாரி. மீசை வைத்திருக்கிறது.

"நீரு உள்ள போகவே இல்ல, வே," என்றது. "நாம ரெண்டு பேரும் வெளியதான் நின்னோம். எம்மேல ஒரு பொட்டு கதிர் பட்டிருக்கா, பாரும்."

"நீ ஆணியில கெடந்த பயதானல?"

"பதிவேட்டுல அப்படி இல்ல."

படித்தவர்களையே நான் நம்புவதில்லை, பதிவேட்டையா நம்புவேன்? கதிர் பட்டது ரத்தத்தில் தெரியும், அதைக் காட்டுகிறேன் என்றேன்.

ரத்தம் பார்க்கும் அறைக்கு நடந்தேன். நடக்க நடக்க நடைபாதை நீண்டது. நின்றேன். அதுவும் நின்றது. அது அசந்த நேரம் ஒரு காலை எடுத்து வைத்தேன். அறை வந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"எனக்கும் காட்டும்மா. உங்க பேச்ச நம்ப மாட்டேன்."

"பாருங்க பாட்டையா. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் நூலா இருக்கா? நல்ல நூலுக்கு இடுப்பு ஒண்ணு. கதிர் பட்டா அறுந்து, இன்னொண்ணோட தப்பா ஒட்டிக்கும். இடுப்பு ரெண்டாயிரும். அத எண்ணினா எவ்வளவு பட்டுச்சுன்னு தெரிஞ்சிரும்."

ஆயிரம் செல் பார்த்தார். இரட்டை இடுப்பு முப்பத்தொன்பது. நானும் விரல் விட்டு எண்ணினேன். சரிதான். முப்பத்தொன்பதும் கண்ணாடித் தகட்டிலிருந்து இறங்கி வரிசையில் நின்றன. ஆளுக்கு இரண்டு அரைஞாண் கட்டியிருந்தன.

திரும்பும்போது நடைபாதை நான்கு அடிதான்.

"நாங்க உள்ள இருந்தோம்," என்றன அட்டையிடம். "நீ எங்கல இருந்த?"

அட்டை மீசையைத் தடவியது. மீசை கையோடு வந்துவிட்டது.

"ஆணியில," என்றது.

காவல்காரர் எழுந்து நின்று எழுதினார்: உள்ளே வந்தார். அடுத்த வரியில்: வெளியே போகிறார். கைநாட்டு வைத்தேன். அட்டையைத் தூக்கி ஆணியில் மாட்டினேன். கதவு திறந்தது.

பிரகாசி என்னைப் பார்த்தாள். பின்னால் வரும் வரிசையைப் பார்த்தாள்.

"இத்தன பேருக்குக் கொழம்பு எப்படிவே காணும்?"

"எல்லாரும் எங்கூட உள்ள இருந்தவங்க," என்றேன். "எலையப் போடு."