அப்பா ஓட்டிவிட்ட காட்சிகள்

எங்கள் வீட்டில் ஓடிய அந்தப் படத்தில் பெண்ணே கிடையாது. நாலு பட்டாளத்துக்காரர்கள், ஒரு பனிமலை, மலைக்கு அந்தப் பக்கம் எதிரியின் ரேடியோ கோபுரம். நாலு பேரும் ஏறிப் போய்க் கோபுரத்துக்கு வெடி வைத்துவிட்டுத் திரும்புவார்கள். ஏதோ பழைய வெளிநாட்டு யுத்தப் படம், தமிழில் பேச வைத்தது. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துத் தெருவில் போட்டார்களாம். பிற்பாடு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்க்கப் போன ஒரு வருஷம், தேரடிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து விற்றவனிடம் அதன் டிவிடியைப் பார்த்ததும் வாங்கிவிட்டார். பொங்கல், தீபாவளி, கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அந்தப் படம்தான்.

ரிமோட் அப்பா கையில் இருக்கும். சில இடங்கள் வந்ததும் வேகமாக ஓட்டிவிடுவார். "பொம்பளப் பிள்ளைக பாக்குற சீன் இல்ல" என்பார். திரையில் ஒரு பாவாடையும் ஒரு பின்னலும் கோடு கோடாகப் பறந்து போகும். நானும் தங்கச்சி இந்துவும் தலையைக் குனிந்துகொள்வோம். பள்ளத்தில் விழுந்த கேப்டன் அடுத்த நொடி தொடையில் கட்டோடு உச்சியில் நிற்பார். "அவிகளுக்கு எப்படிப்பா வழி தெரிஞ்சுது?" என்று ஒருமுறை கேட்டேன். "மிலிட்டரிக்காரனுக்குத் தெரியாதாக்கும்" என்றார். நானும் நம்பினேன்.

இந்த மே மாதம் இந்து பத்தாவது பாஸ் பண்ணினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினொன்றாவது சேர வேண்டும், சயின்ஸ் குரூப் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்பா அவளைப் பேண்டேஜ் துணித் தறிக் கொட்டகைக்கு அனுப்ப முடிவு செய்திருந்தார். பத்தாவது முடித்ததும் என்னை அனுப்பிய அதே கொட்டகை. "ரெண்டு வருஷம் போகட்டும், பொறவு படிப்பப் பாப்போம்." எனக்குச் சொன்ன அதே வார்த்தை. அந்த இரண்டு வருஷம் முடிந்து மூன்றாவதும் முடிந்துவிட்டது. யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. நான் வெளியாட்கள் முன்னால் வாய் திறக்க மாட்டேன். கொட்டகையில் எனக்கு ஊமைச்சி என்றே பெயர்.

ஒரு புதன்கிழமை பாவு நூல் தீர்ந்துபோய்த் தறி நின்றது. பாதி நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா லோடு ஆட்டோவில் போயிருந்தார். இந்து சிநேகிதி வீட்டில் இருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, அந்தப் படத்தைப் போட்டேன்.

"ஏட்டி பொன்மணி, அப்பா இல்லாம அத ஏன் போடுத?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"நீ இத முழுசாப் பாத்திருக்கியாம்மா?"

"ஆமா. சோத்த யாரு ஆக்குவா, அந்தக் கேப்டனா?"

அந்த இடம் வந்தது. நான் ஓட்டவில்லை.

அவள் ஆடு மேய்க்கிறவள். பெயர் எலினா. என் வயதுதான் இருக்கும். பள்ளத்தில் கிடந்த கேப்டனைக் கயிறு போட்டு மேலே இழுக்கிறாள். தொடையில் ரத்தம் கொட்டுகிறது. பாவாடை ஓரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டுகிறாள். அவ்வளவுதான். அப்பா ஓட்டிவிட்ட அசிங்கமான சீன் அதுதான். நாள் முழுக்க நான் நெய்கிற துணி எதற்கு என்று நினைத்தார் அவர்? அதற்குப் பிறகு மலை முழுக்க அவள்தான் முன்னால் நடக்கிறாள். "அந்தப் பக்கம் போகாதீங்க, அங்க பனி மெலிசு" என்கிறாள். கேட்காமல் போன ஒருவன் இடுப்பு வரை இறங்குகிறான். கோபுரத்துக் கம்பி வேலிக்குள் நுழைந்து வருவதும் அவள்தான். கடைசியில் நாலு பேரும் லாரியில் ஏறிப் போகிறார்கள். அவள் ஆடுகளோடு நிற்கிறாள். அடுத்த காட்சியில் நாலு பேருக்கும் பதக்கம் குத்துகிறார்கள். அவள் பேச்சே இல்லை. அப்பா மிச்சம் வைத்ததைப் படம் எடுத்தவன் முடித்து வைத்திருக்கிறான்.

எனக்கு வயிறு எரிந்தது. அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொட்டகை சூப்பர்வைசர் ஐயாதுரை அண்ணாச்சி சாப்பிட வந்தார். அப்பாவின் லோடு ஆட்டோவுக்கு அவர் கொடுக்கிற சவாரிதான் பிழைப்பு. இந்துவின் வேலையைப் பேசி முடிப்பதற்காகத்தான் கறி எடுத்திருந்தார்கள். பேச்சுக்கு முன்னால் படம். எங்கள் பிளேயரில் பட்டன்கள் செத்து வெகு நாள் ஆகிறது. தட்டை உள்ளே தள்ளினால் தானாக ஓடும், மற்றதற்கெல்லாம் ரிமோட்தான். காலையிலேயே அதன் பேட்டரிகளைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்திருந்தேன். டிவியை முன்கூட்டியே பிளேயருக்கு மாற்றி வைத்துவிட்டு, அதன் ரிமோட் பேட்டரிகளையும் சேர்த்து.

கேப்டன் பள்ளத்தில் விழுந்தார். அப்பா ரிமோட்டை நீட்டி அமுக்கினார். படம் அதுபாட்டுக்கு ஓடியது. உள்ளங்கையில் தட்டினார். பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"ஏலா, பேட்டரி எங்க?"

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா.

"விடுப்பா குருசாமி, ஓடட்டும்" என்றார் அண்ணாச்சி. "அட, இந்தப் பிள்ள. டெக்குல பாத்தப்ப இருந்தா, மறந்தே போச்சு. உன் வீட்டுப் படத்துல மட்டும் இவளுக்கு லீவு போலுக்கு."

எலினா கட்டுப் போட்டாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

"கட்டுத்தானப்பா போடுதா. நம்ம சரக்கு" என்று சிரித்தார் அண்ணாச்சி.

"அப்ப வழி காட்டுனது இவளாப்பா?" என்றாள் இந்து.

"பேசாம பாரு."

அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். படத்தில் லாரி போகும்வரை அங்கிருந்து நகரவில்லை. குழம்பு அடிப்பிடித்த வாசம் வந்தது.

அண்ணாச்சி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். "அப்ப சின்னவள நாளைக்கே அனுப்பிரு. பெரியவ பக்கத்துலயே தறி தாரேன்."

இந்து தரையைப் பார்த்தாள். அப்பா தலையாட்டினார்.

"அவ வரமாட்டா" என்றேன்.

அண்ணாச்சி நிஜமாகவே யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார். "ஊமைச்சியா பேசுதது?"

"அவ வந்தா நான் வரமாட்டேன் அண்ணாச்சி. சத்திரப்பட்டி கொட்டகையில கூப்புடுதாக. அங்க போயிருவேன்."

"ஏட்டி, வந்தவுக முன்னால..." அப்பா எழுந்து கையை ஓங்கினார்.

நான் இந்துவுக்கு முன்னால் போய் நின்றேன். "அடிங்க. அடிச்சு முடிச்சிட்டு அவள ஸ்கூல்ல சேத்துவிடுங்க. என் படிப்பத்தான் விட்டாச்சு."

அப்பாவின் கை அப்படியே நின்றது. அண்ணாச்சி என்னையும் இந்துவையும் மாறி மாறிப் பார்த்தார். தறி விலை பேசுகிறவர் பார்க்கிற பார்வை. "எதுக்குப்பா வம்பு? வேல தெரிஞ்சவ நிக்கட்டும். படிக்குற பிள்ளயக் கூட்டியாந்து எவனாச்சும் கேஸு போட்டா நான்தான் அலையணும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்காக இல்லை, தங்கச்சிக்காகவும் இல்லை. தன் தறிக்காக. அதற்கும் சேர்த்து எரிந்தது.

அவர் வண்டிச் சத்தம் போனதும் அப்பா திரும்பினார். "பேட்டரிய எடு."

"சேத்துட்டு வாங்க. தாரேன்."

அடி விழுந்தது. காது இரைந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த வாரம் வீட்டில் டிவி ஓடவில்லை; புதுப் பேட்டரி வாங்கினால் என்னிடம் தோற்றதாகும் என்று அப்பா வாங்கவும் இல்லை. அம்மாவின் சீரியல் போனது. அரிசி அளக்கும்போது பேட்டரி அவள் கையில் தட்டுப்படாமல் இருக்காது. அவை புதைத்த இடத்திலேயே இருந்தன. வியாழக்கிழமை அப்பா சட்டையை மாட்டி, இந்துவை அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார். சாயந்திரம் அவள் சீருடைத் துணியோடு வந்தாள். நான் பேட்டரிகளை அரிசி மாவு படிந்தபடியே அவர் முன்னால் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பா அதே படத்தைப் போட்டார். கேப்டன் பள்ளத்தில் விழுந்தார். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ரிமோட்டை அமுக்கினார். பாவாடையும் பின்னலும் கோடு கோடாகப் பறந்தன.

அடுப்படியில் அம்மிக் குழவிச் சத்தம் நின்றது.

"அந்தப் பக்கம் போகாதீக" என்றாள் அம்மா உள்ளேயிருந்து, உரக்க. "அங்ஙன பனி மெலிசு."

இந்து சிரித்துவிட்டாள். அப்பா இன்னும் அழுத்தி அமுக்கினார். படம் அதைவிட வேகமாக ஓடாது.