தீபத்துக்கு ஆறு அறையும் ஃபுல்

செங்கம் ரோட்டில் ஆறு அறைகளைக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ரேவதிக்கு, எக்செல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒன்றும் வேண்டுதல் இல்லை. புருஷன் பிரசாத்துக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து அழுக்குத் துணியை இறக்கிவிட்டுப் பஸ் ஏறுகிற மனுஷன். "ரூம் வருமானத்துலயே குடும்பம் நடக்கும்னு கணக்கு போட்டுக் காட்டு, வேலையை விட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டவுனில் வியாபாரிகளுக்கு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள்.

"அனுமானத்தை எல்லாம் மஞ்சள் கட்டத்துல போடுங்க. அதை மாத்தினா கீழ லாபம் தானா மாறும்" என்றார் வகுப்பெடுத்த வேணு சார். இன்னும் நடக்காத வருஷத்துக்கு எப்படிக் கணக்கு எழுதுவது என்று ரேவதிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இதற்கு ஜோசியரே தேவலாம், ஒரு பரிகாரமாவது சொல்லுவார்.

இருந்தாலும் போட்டாள். சாதாரண நாளுக்கு ஒரு வாடகை, பௌர்ணமி கிரிவலத்துக்கு இரண்டு மடங்கு, கார்த்திகை தீபத்துக்கு நாலு மடங்கு. சிவப்பில் கிடந்த கடைசி எண் கறுப்பாக மாறியது. சனிக்கிழமை சாயங்காலமே அதைப் படம் பிடித்துப் பிரசாத்துக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் வேணு சார், போன வருஷம் நிஜமாக வந்ததைப் பக்கத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னார். தீபத்துக்கு என்ன வந்தது? யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒரு ரூபாய்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"ரூம் காலியா இருந்துச்சாம்மா?"

"ஃபுல்லுங்க சார்."

"அப்ப வாடகை?"

"வரலைங்க. எல்லாம் சொந்தக்காரங்க."

"அதுக்கு ஃபார்முலா இல்லம்மா" என்றார் வேணு சார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பிரசாத்தின் சித்தப்பா வேடியப்பன் வகையறா வேனில் வந்து இறங்குவார்கள். கொடியேற்றத்துக்கு வந்தால் தெப்பம் முடிந்துதான் கிளம்புவார்கள். ரேவதிக்குச் சமையல்கட்டில்தான் பாய். வருஷாவருஷம் இதுதான் வழக்கம். தீபம் பார்க்க வந்த சொந்தத்திடம் வாடகை கேட்டால், அப்புறம் யார் வீட்டு விசேஷத்துக்கும் தலைகாட்ட முடியாது. மஞ்சள் கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டாள். கடைசி எண் மறுபடி சிவப்பானது. எல்லா அறையும் நிறைந்திருக்கும்போது எப்படி நஷ்டம் வரும் என்று அவளுக்குத் தலை சுற்றியது.

அந்தப் படத்தை நம்பிப் பிரசாத் வேலையை விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வெளியே வந்து போன் போட்டாள். அவன் முந்திக்கொண்டான்.

"நேத்தே மேனேஜருக்கு ராஜினாமா மெயில் போட்டுட்டேன் ரேவதி. அடுத்த மாசத்திலிருந்து அங்கதான்."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த பேச்சு. சந்தோஷமாக இருந்தது. பயமாகவும்தான். சொல்ல வந்ததை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"சித்தப்பாகிட்டயும் சொல்லிட்டேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். இந்தத் தீபத்துக்குச் சம்பந்தி வீட்டாளுங்களையும் கூட்டிட்டு வராராம். ரூம் பத்துமா?"

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாம ரெண்டு பேரும் சமையல்கட்டுல படுத்துக்கலாங்க. நீங்க வந்துடுங்க."