கண்ணாடி ஓர மேஜை

ஆர்லாண்டோவில் அந்தத் தீம் பார்க் உணவகத்தில் ராட்சச மீன்தொட்டியின் கண்ணாடி ஓரமாக மேஜை கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அறுபது நாள் முன்னதாக, விடிகாலை ஆறு மணிக்கே போனைப் பிடித்துக்கொண்டு தவம் கிடக்க வேண்டும். டுவைட் கிடந்தான். முப்பதாவது கல்யாண நாள் என்று குறிப்பும் போட்டான். மேஜை கிடைத்தது. இருபது நாள் கழித்து அவன் மனைவி லொரெட்டா பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒகாலாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

வேறு பெண் இல்லை, குடி இல்லை. மனுஷன் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். பழுதான இயந்திரத்தோடு மணிக்கணக்கில் பேசுவான், வீட்டுக்கு வந்தால் ஊமைச்சாமி. அவள் கிளம்பிய அன்றுகூட, "டயர்ல காத்து பார்த்துக்கோ" என்று மட்டும்தான் சொன்னான். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனுஷனுக்கு நாக்கு எழவில்லை.

ஆனாலும் ஆர்லாண்டோவில் கண்ணாடி ஓர மேஜையை யாரும் கைவிட மாட்டார்கள். கல்யாண நாளன்று ஆளுக்கொரு காரில் வந்து சேர்ந்தார்கள். ஒரு மேஜைக்கு ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் எப்படியாவது அவளை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று டுவைட் முடிவு கட்டியிருந்தான்.

முதல் முக்கால் மணி நேரம் தொட்டியில் நீந்திய திருக்கை மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பெரிய களவா மீன் இன்னும் இருக்கு," என்றான் டுவைட்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னே," என்றாள் லொரெட்டா.

பரிமாறும் யோலாண்டா வந்து, இருவர் சட்டையிலும் கல்யாண நாள் பேட்ஜைக் குத்திவிட்டாள். "முப்பது வருஷமா? என்ன ரகசியம்னு எனக்கும் சொல்லுங்களேன்."

டுவைட் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"இவ போய் நாப்பது நாளாச்சு," என்றான். "வீட்டுல இருக்க முடியல. ஒரு ஆளுக்குக் காப்பி போடத் தெரியாம தினமும் பாதியைக் கொட்டுறேன். இவ திரும்பி வரணும்."

யோலாண்டாவுக்கு அங்கே கொடுத்த பயிற்சி பலமானது. "ரொம்ப சந்தோஷம் சார். கேக் கொண்டு வர்றேன்," என்று சிரித்த முகத்தோடு போனாள்.

"நீ இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல," என்றாள் லொரெட்டா. "அதையும் அந்தம்மாகிட்ட போய்ச் சொல்றே."

"அவங்க கேட்டாங்க."

"நான் கேக்கலையா?"

கேட்டிருக்கிறாள். வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். டுவைட்டுக்குக் காது சிவந்தது.

"வீட்டுக்கு வா, லொரெட்டா," என்றான்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும், தொட்டிக்குள் முக்குளிப்பவன் ஒருவன் இறங்கி வந்து, முப்பதாம் கல்யாண நாள் வாழ்த்துகள், டுவைட், லொரெட்டா என்று எழுதிய பலகையைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தான். சுற்றியிருந்த மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள். அவன் நகருவதாக இல்லை.

"கையை ஆட்டு. இல்லேன்னா அந்த ஆளு மேலே போகமாட்டான்," என்றாள் லொரெட்டா.

இருவரும் ஆட்டினார்கள். போய்விட்டான். பதிலும் அவனோடு போய்விட்டது. கேக் வந்தது, யாரும் தொடவில்லை. நேரம் முடிந்தது.

"கட்டித் தரட்டுமா?" என்றாள் யோலாண்டா. "ஒரு டப்பாவா, ரெண்டா?"

டுவைட் லொரெட்டாவின் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணு போதும்," என்றாள் லொரெட்டா.

டப்பா வந்ததும் அவன் பக்கம் தள்ளினாள். "பிரிட்ஜ்ல வை. சனிக்கிழமை பெட்டியோட வர்றேன். அதுக்குள்ள தின்னு தீர்த்துடாதே."

டுவைட் தொண்டையைச் செருமினான்.

"டயர்ல காத்து பார்த்துட்டு வா," என்றான்.