ஒற்றைக் கை ஸ்வெட்டர்

ராவாங் டவுன் நூல் கடையில் கைருன்னிசா அக்கா இரண்டு நூற்கண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று நைலான் கலந்த மலிவு நூல். மற்றது வெளிநாட்டுக் கம்பளி, இளமஞ்சள், தொட்டால் கையை எடுக்க மனம் வராது.

“கைக்கொழந்தைக்கு மலிவே போதும் சந்திரிகா. ரெண்டு மாசத்துல சின்னதாயிரும்லா,” என்றார்.

லாபத்தை விட்டுக்கொடுத்துப் பேசும் கடைக்காரி. ஆனாலும் நான் கேட்கவில்லை. எனக்கு விலை கூடியதுதான் வேண்டும். இராஜம்மா அதைத் தொட்டுப் பார்த்து வாயடைத்துப் போக வேண்டும்.

இராஜம்மா என் தங்கை லீலாவதியின் மாமியார். லீலாவின் வளைகாப்பில் நான் வளையல் போட எழுந்தபோது, “நீ அப்புறம் போடலாம், உக்காரும்மா,” என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. எனக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள், பிள்ளை இல்லை. தாயில்லாத பெண்ணாயிற்றே என்று லீலாவைப் பிரசவத்துக்கு ராசா டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்தேன். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே புரிய வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லீலாவின் கணவன் சேது பிரேசர் மலையில் ஒரு பங்களாவின் தோட்டக்காரன். மலையில் பிள்ளைக்குக் குளிரும் என்றுதான் இந்த ஸ்வெட்டர் ஏற்பாடு. பின்னல் எனக்குப் பழக்கம். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஏர்கோன் குளிர் எலும்பு வரை இறங்கும். மலிவு நூலில் எனக்காகப் பின்னிய நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் அங்கே உட்காருவேன். துவைத்துத் துவைத்து அது நிறம் மங்கி, நைந்து மெத்தென்று ஆகியிருந்தது.

ஆண் பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் லீவு போட்டுவிட்டு, மஞ்சள் ஸ்வெட்டரோடு கோலகுபுவில் மலைக்குப் போகும் பஸ் ஏறினேன். அதற்கு ஜோடியான குல்லாயைப் பஸ்ஸில் பின்னி முடித்தேன். அந்த வளைவுகளில் ஊசி பிடிப்பதற்கே தனி வீம்பு வேண்டும்.

இராஜம்மா மஞ்சள் ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்தார். வாயடைக்கவில்லை.

“நல்லாதாம்மா இருக்கு. ஆனா முப்பது நாள் கழியிற வரைக்கும் புதுசு போடக் கூடாதே. பழசுதான் ஆகும். ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் முதலில் பழந்துணியில்தான் கிடந்தது. பிள்ளையே இல்லாத வீட்டில் இருந்து இருந்து எனக்கு அது மறந்து போயிருந்தது. அவமானத்தில் காது சுட்டது.

வெளியே மழை. பழைய சேலைத் துணிக்குள் குழந்தையின் கால் சில்லென்று இருந்தது. உள்ளே படுத்திருந்த லீலா என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்காகத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது.

நான் போட்டிருந்த நீல ஸ்வெட்டரைக் கழற்றினேன். தோள் தையலைப் பிரித்து, ஒரு கையைத் தனியாக எடுத்து, நூலை உருவ ஆரம்பித்தேன். மீதியை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

“என்னம்மா பண்ற?” என்றார் இராஜம்மா.

“பழசு கேட்டீங்களே அத்தை. இதவிடப் பழசு என்கிட்ட இல்ல.” குரல் வேண்டுமென்றே துடுக்காகத்தான் வந்தது. பிறகு அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “நான் போட்ட பழசு ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க. பின்னி முடிச்சப்புறம் சொல்லாதீங்க.”

அவர் ஆகாதென்று சொல்லவில்லை. உருவிய நூல் சுருண்டு சுருண்டு சிக்கு விழுந்தது. ஒற்றை ஆளாகச் சுற்ற முடியாமல் திணறினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், எதிரே வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவர் கைகளில் நூலை மாட்டிச் சுற்றினேன்.

மறுநாள் மாலை கையில்லாத சின்னச் சட்டை ஒன்று தயாரானது. நெளிநெளியாக, அழகென்று சொல்லமுடியாத சட்டை. அதை இராஜம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஸ்வெட்டரில் கை இல்லாத என் தோளையே பார்த்தார். குளிரில் ரோமம் சிலிர்த்துக் கிடந்தது. தன் போர்வையை எடுத்து வந்து என்மேல் போட்டார்.

“அன்னிக்கி வளையல் போடவிடாம உக்கார வெச்சேன். மனசுல ஒரு பயம்மா. இந்தப் பிள்ள தங்கணுமேன்னு,” என்றார்.

நான் போர்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டேன்.

அவர் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார். அது சிணுங்கியது.

“அழாதடா ராசா,” என்றார். “பெரியம்மா சட்ட போட்டு விடுவாங்க.”

அதுவரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. சட்டைக்குள் அந்தச் சின்னக் கையை நுழைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. கண் சரியாகத் தெரியவில்லை.